கொடியில் துணி இல்லாத வீடு

படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். ஒற்றை ஆளாக மடித்தால் நடுவில் தொய்யும், தொய்ந்தால் தரையில் படும், தரையில் பட்டால் மறுபடி துவைக்க வேண்டும். அதனால் அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம், வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாத மகளைக் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"இந்த முனையப் புடி."

"இப்பத்தாம்மா வந்தேன்."

"வந்ததுனாலதான் கூப்பிடுறேன். வராதவளையா கூப்பிட முடியும்?"

மகள் பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே இரண்டு முனைகளைப் பிடித்தாள். இருவரும் பின்னால் நகர்ந்தார்கள். விரிப்பு விறைத்ததும் அம்மா ஒரு சுண்டு சுண்டினாள், சுருக்கம் எல்லாம் ஓடிவிட்டது. பிறகு முனையோடு முனை சேர்த்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து, மகள் கையிலிருந்ததை அம்மா வாங்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரி மடிப்பு. மகளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து வீட்டில் அந்த மடிப்புதான்.

"ஞாயித்துக்கிழமை ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனேன்ல," என்றாள் அம்மா, அடுத்த விரிப்பை உதறியபடி.

"எந்த இல்லம்? நீ போகாத இல்லம் எது?"

"மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம். நாப்பது பேர் இருக்காங்கன்னு நோட்டீஸ்ல போட்டிருக்கு. நல்ல வெயிலு. கொடி மொட்டையா கெடக்கு. ஒரு கைக்குட்டைகூட இல்ல."

"அதனால?"

"அதனால என்ன அதனால? ஆள் இருந்தா அழுக்கு இருக்கும், அழுக்கு இருந்தா துணி காயும். அங்க ஆளே இல்லடி. காதுல பூ சுத்துறாங்க."

மகள் லிஃப்ட் கம்பெனியில் என்ஜினியர். கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்டுகளைச் சோதித்து, ஓட்டலாம், ஓட்டக் கூடாது என்று கையெழுத்துப் போடுவது அவள் வேலை.

"அம்மா, ஒரே ஒரு சென்சார நம்பி நாங்க எந்த லிஃப்டையும் விட மாட்டோம். ரெண்டு இருக்கணும். ஒண்ணு தப்பாக் காட்டினா இன்னொண்ணு காட்டிக் குடுக்கும்."

அம்மா பாதி மடிப்பில் நின்றாள். "என் கண்ணு பொய் சொல்லுதுங்கற."

"கண்ணச் சொல்லல. கொடியச் சொல்றேன்."

அம்மா விரிப்பை மடித்து முடித்தாள். மடித்ததை அடுக்கின்மேல் வைத்து, இரண்டு தட்டுத் தட்டினாள். பிறகு, தனக்குத்தானே போல, "சரி. வியாழக்கிழமை போறேன். வேல நாள்ல எப்படி இருக்குன்னு இன்னொரு தடவ பாத்துட்டு வந்துடறேன்," என்றாள்.

அவர்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. புதன்கிழமை காலை அம்மா குளியலறையிலிருந்து வெளியே வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆம்புலன்ஸ் வந்தபோது அவள் இல்லை.

*

அம்மா ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் உதவியாளாகச் சேர்ந்து, அதன் தலைமைக்கு வந்து ஓய்வு பெற்றவள். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத கூடம் அது. நாள் முழுக்க ஆவி. கண்ணாடி போட்டிருந்தால் மங்கிவிடும் என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டு, துணியை மூக்கால் சோதித்தாள். நோயாளியின் முகத்தை அவள் பார்த்ததில்லை. விரிப்பை வைத்தே எந்த வார்டில் ராத்திரி நோயாளிகள் தூங்குகிறார்கள், எந்த வார்டில் மணி அடித்தும் யாரும் வருவதில்லை என்று சொல்லிவிடுவாள். சில சமயம் தப்பாகவும் சொல்வாள். தப்பென்று தெரிந்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

சந்தேகம் அவளுக்குப் பிறவிக் குணம் இல்லை. ஒரு காலத்தில் யார் உண்டியலை நீட்டினாலும் போடுகிறவள்தான். சலவைப் பிரிவில் கூட வேலை பார்த்த ஒருவன், தன் மனைவிக்கு ஆபரேஷன் என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். அம்மாதான் டப்பாவை எடுத்துக்கொண்டு வார்டு வார்டாக ஏறி இறங்கினாள். கூட்டுகிறவர், சக்கர நாற்காலி தள்ளுகிறவர், சமையலறைப் பெண்கள் என்று யாரும் கையை விரிக்கவில்லை. அடுத்த மாதம் அவன் புது பைக்கில் வந்தான். மனைவிக்கு ஆபரேஷன் நடந்தது உண்மை. அவன் கேட்டு, ஆஸ்பத்திரி அந்தச் செலவைச் சத்தமில்லாமல் தள்ளுபடி செய்திருந்தது என்பதும் உண்மை.

"அவன் ஏமாத்தினதுகூடப் பரவால்ல," என்று பல வருஷம் கழித்தும் சொல்லிக்கொண்டிருந்தாள். "எல்லாரும் என் மூஞ்சியப் பாத்துல்ல போட்டாங்க."

அதற்குப் பிறகு கண்ணால் பார்க்காத எதற்கும் சல்லிக் காசு கொடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டாள். பார்ப்பது என்றால் ரசீதையோ, சுவரில் மாட்டிய போட்டோக்களையோ அல்ல. முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நிற்பாள். அன்றைக்கு ஆபீஸ் ஆட்கள் இருக்க மாட்டார்கள், நடித்துக் காட்ட ஆள் இருக்காது என்பது அவள் கணக்கு. தண்ணீர் கேட்பாள். பேச்சோடு பேச்சாகக் கொல்லைப்பக்கம் போவாள். துணி காயப்போடும் கொடியைப் பார்ப்பாள். திரும்பி வந்துவிடுவாள்.

ஒரு குழந்தைகள் காப்பகத்தில் கொடி நிறையச் சட்டைகள் தொங்கின. எல்லாம் ஒரே நிறம், கடையில் மடித்த கோடுகூட அழியவில்லை.

"பனியன் இல்ல, ஜட்டி இல்ல, துண்டு இல்ல," என்று வந்து சொன்னாள். "அந்தப் புள்ளைங்க வெறும் சட்டைய மட்டுமா போட்டுக்கிட்டுத் திரியுதுங்க?"

அவள் தம்பி, அச்சகம் வைத்திருக்கும் மாமா, விழுந்து விழுந்து சிரித்தார். "அக்கா, நீ தானம் குடுக்கப் போறியா, ரெய்டுக்குப் போறியா?"

"ரெண்டும்தான். நீ அடிச்ச நோட்டீஸ்தானே அது?"

"நான் அடிக்கிறதோட சரி. படிக்கிறதில்ல."

கொடுக்காத கஞ்சம் இல்லை அவள். எதிர் வீட்டுக் கிழவர் படுக்கையில் விழுந்தபோது, அவர் விரிப்புகளை வாங்கி வந்து தன் வீட்டில் துவைத்துக் கொடுத்தாள், கடைசி நாள் வரைக்கும். அதற்கு யாரும் நோட்டீஸ் அடிக்கவில்லை. ஆனால் அவளுக்கு உறுத்தல் ஒன்று இருந்தது. ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் பாதியை மகளுக்கென்று எழுதிவிட்டு, மீதிப் பாதியை வங்கியில் தனியாகப் போட்டிருந்தாள்.

"இது குடுக்கிறதுக்கு. எடத்த அப்புறம் சொல்றேன்."

அந்த அப்புறம் வரவே இல்லை. போகிற இடமெல்லாம் ஒரு குறை. ஒன்றில் கொடி பொய், ஒன்றில் தலைவர் கார் பெரிசு, ஒன்றில் எல்லாம் சரி, ஆனால் அவர்களுக்கு ஏற்கெனவே நிறைய வருகிறது. வருஷங்கள் போயின. பணம் அப்படியே இருந்தது. "நீ தேடுற எடம் இன்னும் கட்டவே ஆரம்பிக்கலக்கா," என்பார் மாமா.

*

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், வீடு காலியான பிறகு மகள் கவனித்தது அந்தப் பையை. வாசல் கதவுக்குப் பின்னால், ஆணியில். இல்லங்களைப் பார்க்கப் போகும்போது அம்மா எடுத்துப் போகும் துணிப் பை. உள்ளே குடை, பிஸ்கட் பாக்கெட், அவளுடைய சொந்தத் துண்டு, தண்ணீர் பாட்டில். வியாழக்கிழமைக்கென்று முன்கூட்டியே எடுத்து வைத்தது. மகள் அதைத் தொடவில்லை. கதவைத் திறக்கும்போதெல்லாம் பை ஆடியது. திறப்பதைக் குறைத்துக்கொண்டாள்.

போன் மட்டும் நிற்கவில்லை. நன்கொடை கேட்கிற அத்தனை பேரிடமும் அம்மாவின் நம்பர் இருந்தது. அவர்களில் ஒருத்திக்கு அம்மா தேன்குரல் என்று பெயர் வைத்திருந்தாள். மாதம் தவறாமல் கூப்பிடுவாள். முதல் தடவையே அவளிடம், "குழந்தைங்க பனியன் எங்கம்மா காயுது?" என்று கேட்டு, "அது என்கிட்ட இருக்கிற பேப்பர்ல இல்லீங்கம்மா," என்று பதில் வாங்கியதில் அம்மாவுக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. காசு கொடுத்ததில்லை. பேசுவாள்.

மகள் எடுத்தாள்.

"வணக்கங்க, அம்மா இருக்காங்களா?"

"இல்ல."

"எப்ப வந்தா பேசலாம்?"

"வர மாட்டாங்க. இறந்துட்டாங்க."

அந்தப் பக்கம் வேறு பல குரல்கள் ஒரே வாக்கியத்தைப் பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

"ஐயோ. ரொம்ப வருத்தமா இருக்குங்க. அவங்க நினைவா நீங்க ஒரு சிறு தொகை..." தேன்குரல் நின்றுவிட்டது. "மன்னிச்சிருங்க. பேப்பர்ல அடுத்த வரி அதான்."

"பரவால்ல."

"என்கிட்ட எப்பவும் சாப்டியான்னு கேப்பாங்க. இங்க யாரும் கேக்க மாட்டாங்க."

மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "ஒண்ணு கேக்குறேன். அம்மா கொஞ்சம் பணம் குடுக்கணும்னு வெச்சிருந்தாங்க. எங்க குடுக்கலாம்? பேப்பரப் பாக்காமச் சொல்லுங்க."

தேன்குரல் தணிந்தது. "அக்கா, நான் ஒரு ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு ஏழெட்டு எடத்துக்குப் பேசுறேன். ஒண்ணையும் நேர்ல பாத்ததில்ல. அம்மாதான் பாத்திருக்காங்க. அவங்ககிட்டத்தான் நான் கேக்கணும்னு இருந்தேன்."

*

மாமா வேறொரு குழந்தைகள் காப்பகத்தின் வழவழப்பான புத்தகத்தோடு வந்தார். அட்டையில் சிரிக்கும் குழந்தை.

"இங்க குடுத்துடுவோம்மா. அக்கா பேரு கல்லுல வரும். நுழைஞ்ச உடனே தெரியற மாதிரி."

"பேப்பர் நல்லா இருக்கு மாமா."

"ஆர்ட் பேப்பர். நான்தான் அடிச்சேன்."

"அதான் யோசிக்கிறேன். இதுக்கே எவ்வளவு செலவாகியிருக்கும்?"

மாமா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அவரும் களைத்திருந்தார். அக்கா போனதிலிருந்து சவரம் ஒழுங்காக இல்லை. "இந்தா பாரு. அவ இப்படியே பாத்துப் பாத்துப் போய்ச் சேந்துட்டா. ஒரு பைசா யாருக்கும் போகல. நீயும் அவ எடத்துல உக்காந்துக்கிட்டு இன்னும் இருவது வருஷம் பாக்கப் போறியா? எல்லாம் தெரிஞ்சாத்தான் குடுப்பேன்னா அதுக்குப் பேரு வியாபாரம்மா."

மகள் புத்தகத்தைப் புரட்டி முகவரியைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை அவரோடு அந்த இடத்துக்குப் போனாள். சுத்தமான கட்டடம். மாமா அவள் கையைப் பிடித்து நேராகக் கொல்லைக்கு இழுத்துப் போனார். கொடி கொடியாகத் துணி. சட்டை, பனியன், துண்டு, விரிப்பு, எல்லாம்.

"பாத்தியா? அக்கா இருந்தா இந்நேரம் கையெழுத்துப் போட்டிருப்பா."

மகள் வெயிலில் நின்று பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். துணி. காற்றில் ஆடுகிற துணி. அம்மா இதில் எதையோ படித்தாள். எதை முதலில் பார்த்தாள், தையலையா, கறையையா, கிளிப் போட்ட விதத்தையா? ஒரு லிஃப்டின் கம்பியைக் கொடுத்தால் எந்த இழை அறுந்திருக்கிறது என்று அவளால் சொல்ல முடியும். இங்கே ஒன்றும் தெரியவில்லை. அளக்கிற கருவியே போய்விட்டது. கருவி இல்லாமல் கையெழுத்துப் போடுவது எப்படி என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தந்ததில்லை.

"நல்லாத்தான் இருக்கு மாமா," என்றாள்.

"அப்புறமென்ன?"

"தெரியல."

திரும்பி வந்து இறங்கும்போது மாமா, "இந்த மாசக் கடைசிக்குள்ள சொல்லிடு. இல்லேன்னா உங்கம்மா மாதிரியே ஆயிடும்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளைச் சுட்டது.

*

மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை வந்தது. மகள் விடுப்புச் சொன்னாள். ஆணியிலிருந்து பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். பாட்டில் கனத்தது. அதை எடுத்துக் கொட்டத் தோன்றவில்லை.

மேம்பாலம் இறங்கியதுமே சத்தம் கேட்டது. இல்லத்துக்கு ஒட்டினாற்போல் கல் அறுக்கும் பட்டறை. பெரிய தட்டுகளாகக் கல்லை அறுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மாவு மாதிரி வெள்ளைத் தூசி சுவர், இலை, தரை எல்லாவற்றின் மேலும் படிந்து கிடந்தது. கைப்பிடிச் சுவரில் விரலை வைத்தாள், விரல் வெளுத்தது.

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. சத்தம் இருந்திருக்காது. பட்டறைக் கதவும் மூடியிருந்திருக்கும். தூசியைக்கூடப் பழைய சுண்ணாம்பு என்று நினைத்திருக்கலாம். அம்மா வெயிலையும் கொடியையும் மட்டும் பார்த்திருக்கிறாள்.

கொல்லையில் கொடி இன்றைக்கும் மொட்டையாகத்தான் இருந்தது. துருப்பிடித்த கம்பி. தூக்கிச் செருகிய புடவையும் ஈரக் கையுமாக ஒரு பெண் வந்தாள், அம்மாவைவிடச் சிறியவள். இல்லத்தை நடத்துகிறவள்.

"யாரப் பாக்கணும்?"

அம்மா கேட்க மாட்டாள். மகள் கேட்டாள். "துணியெல்லாம் எங்கங்க காயுது?"

அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "மாடிக் கூடத்துல. வெளிய போட்டா மாவுல பொரட்டி எடுத்த மாதிரி ஆயிடும். ஞாயித்துக்கிழமையும் அப்படித்தான், காத்தடிச்சா கூரைல கெடக்கிறது எறங்கும். ஏன், துணி எதுவும் பறந்து வந்துச்சா?"

"பாக்கலாமா?"

மாடிப் படி செங்குத்து. அம்மாவின் முழங்காலுக்கு ஏறியிருக்காது. மேலே நீளக் கூடம், ஜன்னல்கள் எல்லாம் சாத்தி, மூன்று மின்விசிறிகள் ஓட, சுவருக்குச் சுவர் கயிறு. விரிப்புகள், துண்டுகள், ஒட்டுப் போட்ட பாவாடைகள், ஜோடி இல்லாத காலுறைகள், பழைய விரிப்பைக் கிழித்துத் தைத்த இடுப்புத் துணிகள். இதைப் படிக்க எந்தக் கருவியும் வேண்டியிருக்கவில்லை. குனிந்து குனிந்துதான் நடக்க முடிந்தது. ஒரு விரிப்பை முகத்தருகே கொண்டுபோனாள். புளித்த வாடை. சரியாகக் காயவில்லை. அம்மாவாக இருந்தால் மூக்கைச் சுளித்து, மொத்தத்தையும் மறுபடி துவைக்கச் சொல்லியிருப்பாள்.

"நாறுதுல்ல?" என்றாள் அந்தப் பெண், களைத்துப் போன குரலில். "மழை வந்தா இன்னும் மோசம். கீழ பெருசுங்க ராத்திரியெல்லாம் நனைக்கும். காயறதுக்குள்ள அடுத்தது வந்துடும். என்ன பண்ணச் சொல்றீங்க, வெயில உள்ள கூட்டிட்டு வர முடியுமா?"

"உலர்த்துற மெஷின் போட முடியாதா?"

"பெரிய மெஷினு. நன்கொடை குடுக்கிறவங்களுக்குக் கேட்டு எழுதினோம். பாக்குறோம்னு சொன்னாங்க."

மகள் சுவரைப் பார்த்தாள், மின் இணைப்பைப் பார்த்தாள், வெப்பக் காற்று போக எங்கே துளை போடலாம் என்று பார்த்தாள். அது அவளுக்குத் தெரிந்த வேலை. எல்லாம் தெரிந்துவிட்டதா என்றால் இல்லை. இந்த அம்மாள் எப்படிப்பட்டவள், கணக்கு சுத்தமா, அடுத்த வருஷம் இந்த இடம் இருக்குமா, எதுவும் தெரியாது. ஆனால் துணி நனைகிறது. நனைத்தவர்கள் கீழே இருமுவது கேட்டது.

"மெஷின் நான் வாங்கித் தர்றேன். எங்கம்மா பணம். அடுத்த வாரம் அளவெடுக்க வர்றேன்."

"சரிங்க," என்றாள் அந்தப் பெண், கயிற்றில் ஒரு துண்டைத் திருப்பிப் போட்டபடி. அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"நிஜமா வருவேன்."

"சரின்னுதானே சொன்னேன். மறுபடி வர்றேன்னு சொல்லிட்டுப் போனவங்கள வெச்சே இன்னொரு இல்லம் நடத்தலாம்மா. தப்பா எடுத்துக்காதீங்க." துண்டின் ஓரத்தை நீவிவிட்டு, மகளின் தோளைப் பார்த்தாள். "இந்தப் பை எங்கயோ பாத்த மாதிரி இருக்கே. கொஞ்ச நாள் முன்னாடி ஒரு பெரியம்மா இதே மாதிரி பையோட வந்தாங்க. தண்ணி கேட்டாங்க. கொல்லையில போய் நின்னாங்க. என்னன்னு கேட்டதுக்கு ஒண்ணும் சொல்லல. கேட்டிருந்தா மேல வெச்சிருக்கோம்னு நானே சொல்லியிருப்பேன்."

"அவங்க கேக்க மாட்டாங்க. கேட்டா பொய்யா எதையாவது சொல்லிடுவீங்கன்னு பயம்."

"உங்கம்மாவா?"

"ஆமா."

"அவங்களும் போயிட்டு வர்றேன்னுதான் சொன்னாங்க. ஆளையே காணோம்."

மின்விசிறிக் காற்றில் விரிப்புகள் மெல்ல ஆடின. மகள் பையைத் தோளிலிருந்து இறக்கி, பாட்டிலை வெளியே எடுத்து, கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"வர்றதாத்தான் இருந்தாங்க," என்றாள். "தண்ணிகூடப் புடிச்சு வெச்சுட்டாங்க."